கிணற்றுக்கும் ஒரு கணக்கு வேண்டும்

கோவை, திருப்பூர் மாவட்டங்களின் வறண்ட பகுதிகளில் பல திறந்தவெளிக் கிணறுகள் இன்று தண்ணீர் ஊறும் இடங்களாக இல்லை; தண்ணீரைச் சேர்த்து வைக்கும் தொட்டிகளாக மாறிவிட்டன. ஆயிரம் அடி ஆழத்திலிருந்து விட்டுவிட்டு வரும் ஆழ்துளைக் கிணற்று நீரை வறண்டுபோன பழைய கிணற்றில் விழச் செய்து, ஓரளவு சேர்ந்த பிறகு இன்னொரு மோட்டார் மூலம் வயலுக்குப் பாய்ச்சுகிறார்கள். தாத்தா வெட்டிய கிணற்றைப் பேரன் தொட்டியாகப் பயன்படுத்த நேர்ந்திருக்கிறது. ஐம்பது, அறுபது ஆண்டுகளில் நிகழ்ந்துவிட்ட மாற்றம் இது.

இதற்கு மழை குறைந்ததே காரணம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். வறட்சி ஆண்டுகள் நிலைமையை மோசமாக்குகின்றன என்பது உண்மையே. ஆனால், கொங்குப் பகுதி என்றைக்குமே மழை வளம் மிக்க பகுதியாக இருந்ததில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருப்பதால், சமவெளியின் பெரும்பகுதிக்கு ஆண்டுக்கு 600 முதல் 700 மில்லிமீட்டர் மழைதான் கிடைக்கிறது. அந்த மழையை நம்பித்தான் முந்தைய தலைமுறைகளும் கிணற்றுப் பாசனம் செய்தன. அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள முக்கிய வேறுபாடு, எடுக்கும் அளவில் இருக்கிறது.

மாடுகளைப் பூட்டிக் கவலை இறைத்த காலத்தில் ஒரு கிணற்றிலிருந்து ஒரு நாளில் எடுக்கக்கூடிய நீருக்கு இயற்கையான எல்லை இருந்தது. மாடு களைத்தால் இறைப்பு நிற்கும். அந்த இடைவெளியில் ஊற்றுக்கண் மீண்டும் சுரக்கும். பிறகு எண்ணெய் என்ஜின் வந்தது. அதைத் தொடர்ந்து மின் மோட்டார் வந்தது. கிணறு வற்றியபோது அதன் அடியில் துளையிட்டார்கள். அதுவும் வற்றியபோது தனியாக ஆழ்துளைக் கிணறு அமைத்தார்கள். பம்ப் தயாரிப்பில் நாட்டுக்கே முன்னோடியான கோவையும், ஆழ்துளை இயந்திர லாரிகளை இந்தியா முழுவதும் அனுப்பும் திருச்செங்கோடும் இந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. நீரை மேலே கொண்டுவரும் தொழில்நுட்பத்தில் இவ்வளவு தேர்ச்சி பெற்ற நாம், கீழே எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைக் கணக்கிடுவதில் அக்கறை காட்டவில்லை.

இந்தக் கணக்கு கடினமானதன்று. அதற்கு முதலில் நம் காலடியில் உள்ள நிலத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கடினப் பாறை நிலம். காவிரிப் படுகையில் உள்ளதுபோல மணலும் வண்டலும் பல நூறு அடி ஆழத்துக்கு இங்கே படிந்திருக்கவில்லை. மேலே சில அடி மண். அதன் கீழே காலப்போக்கில் சிதைந்து உதிர்ந்த பாறை அடுக்கு. அதற்கும் கீழே கெட்டியான பாறை. சிதைந்த அடுக்கின் இடுக்குகளிலும், கெட்டிப் பாறையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக உள்ள வெடிப்புகளிலும்தான் நீர் தங்குகிறது. பூமிக்கடியில் ஆறு ஓடுகிறது என்ற நம்பிக்கை இந்த நிலத்துக்குப் பொருந்தாது.

சிதைந்த பாறையில் நீர் தங்கி, நாம் எடுப்பதற்கு ஏற்றதாக உள்ள இடம் அதன் கன அளவில் 1 முதல் 3 சதவீதம்தான். 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நிலத்தடி நீர்மட்டம் ஒரு மீட்டர் உயர்ந்தால், நிலத்துக்குள் சேர்ந்திருப்பது ஒரு மீட்டர் நீர் அன்று; வெறும் 20 மில்லிமீட்டர் நீர். கெட்டிப் பாறையின் வெடிப்புகளில் இந்த அளவு இன்னும் குறைவு. ஆழம் கூடக்கூடக் கொள்ளளவும் கூடும் என்று எண்ணித்தான் ஆயிரம் அடிக்குத் துளையிடுகிறோம். உண்மையில், கீழே செல்லச் செல்ல வெடிப்புகள் அரிதாகின்றன. அங்கே கிடைப்பது பெரும்பாலும் நீண்ட காலமாகச் சிறுகச் சிறுகச் சேர்ந்த நீர். அதை ஒருமுறை எடுத்துவிட்டால், அடுத்த ஆண்டு மழையில் அந்த இடம் நிரம்பிவிடுவதில்லை.

இப்போது வரவைப் பார்ப்போம். இத்தகைய நிலத்தில் பெய்யும் மழையில் நிலத்தடிக்குச் செல்வது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். மீதி ஆவியாகிறது, பயிரும் மரமும் உறிஞ்சுகின்றன, ஓடையில் ஓடுகிறது. 700 மில்லிமீட்டர் மழை பெய்தால் 70 மில்லிமீட்டர் நிலத்தடி வரவு. இந்த 70 மில்லிமீட்டர் நீர்மட்டத்தை மூன்றரை மீட்டர், அதாவது பதினொரு அடிக்கு மேல் உயர்த்திவிடும். நல்ல மழைக்குப் பிறகு கிணற்றில் நீர் விறுவிறுவென ஏறுவதைக் கண்டு, இனி இரண்டு ஆண்டுகளுக்குக் கவலையில்லை என்று விவசாயி நம்புவது இதனால்தான். அந்த நம்பிக்கையில் வாழையோ மஞ்சளோ நடுகிறார். அடுத்த கோடையில் கிணறு அதே வேகத்தில் இறங்கும்போது மழையைக் குறை சொல்கிறார். ஏறிய நீர்மட்டத்தின் உயரம் பெரிது. அதில் அடங்கிய நீரின் அளவு சிறிது. கடினப் பாறை நிலத்தில் நிகழும் பெரும்பாலான தவறான முடிவுகளுக்கு இந்த ஒரு மயக்கமே அடிப்படை.

ஆயிரம் ஏக்கர் பரப்பும் ஆயிரம் மக்களும் கொண்ட ஒரு கிராமத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அந்த ஊருக்கு ஆண்டுதோறும் சேரும் நிலத்தடி நீர், மேற்கண்ட கணக்கின்படி, ஏறத்தாழ 28 கோடி லிட்டர். நபர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்ற ஜல் ஜீவன் திட்ட அளவுகோலின்படி, ஊர் மக்களின் ஓராண்டுக் குடிநீர்த் தேவை 2 கோடி லிட்டர். மொத்த வரவில் பதினான்கில் ஒரு பங்கு. கால்நடைகளையும் சேர்த்துக்கொண்டாலும் குடிநீருக்குப் பஞ்சம் வர இந்த ஊரில் காரணமே இல்லை.

அப்படியானால் நீர் எங்கே போகிறது? வாழைக்கு ஓராண்டில் ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர் நீர் தேவை. மழையில் பயிருக்குக் கிடைப்பது 400 மில்லிமீட்டர் என்று கழித்தாலும், கிணற்றிலிருந்து 1,400 மில்லிமீட்டர் இறைத்தாக வேண்டும். ஒரு ஏக்கர் வாழை, இருபது ஏக்கர் நிலத்தின் ஆண்டு வரவைக் குடிக்கிறது. ஆயிரம் ஏக்கர் ஊரில் 50 ஏக்கரில் வாழை நட்டால் அந்த ஊரின் நிலத்தடி வரவு முழுவதும் தீர்ந்துவிடும். பாய்ச்சும் நீரில் ஒரு பகுதி மீண்டும் நிலத்துக்குள் இறங்கும் என்பதைக் கணக்கில் சேர்த்தால் ஐம்பது ஏக்கர் அறுபதாகலாம், நூறாகிவிடாது. மாறாக, மழையோடு ஒட்டிப் பயிரிடப்படும் கேழ்வரகு, சோளம், பயறு வகைகளுக்குக் கிணற்றிலிருந்து 200 மில்லிமீட்டர் உதவிப் பாசனம் போதும் என்றால், அதே நீரில் 350 ஏக்கரைப் பயிர் செய்யலாம். ஊருக்கு ஊர் இந்த எண்கள் மாறும். ஆனால், கணக்கின் போக்கு மாறாது.

நாடு முழுவதற்கும் இக்கணக்கு பொருந்தும். 2024-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 24,500 கோடி கன மீட்டர் நிலத்தடி நீர் எடுக்கப்படுகிறது. அதில் 87 சதவீதம் வேளாண்மைக்கானது. எடுக்கத்தக்க அளவில் நாடு 60 சதவீதத்தையும், தமிழ்நாடு ஏறத்தாழ 74 சதவீதத்தையும் பயன்படுத்துகின்றன. பஞ்சாப் 150 சதவீதத்தைக் கடந்துவிட்டது. தமிழ்நாட்டின் எண்ணைப் பார்த்து ஆறுதல் கொள்ள இடமில்லை. அது டெல்டாவையும் கொங்கையும் சேர்த்துக் கணக்கிட்ட சராசரி. குறுவட்ட வாரியாகப் பார்த்தால், மேற்கு மாவட்டங்களில் ஆண்டு வரவைவிடக் கூடுதலாக நீர் எடுக்கும் இடங்கள் ஏராளம்.

இதற்குத் தீர்வாக நாம் முதலில் நினைப்பது வரவைப் பெருக்குவதைத்தான். தடுப்பணை, கசிவுநீர்க் குட்டை, குளம் தூர்வாருதல், பண்ணைக் குட்டை ஆகிய அனைத்தும் தேவையானவை. ஆனால், அவற்றால் எவ்வளவு கூடும் என்பதற்கும் எல்லை உண்டு. அண்மைய சான்று அத்திக்கடவு - அவிநாசித் திட்டம். ஏறத்தாழ அறுபது ஆண்டுக் கோரிக்கைக்குப் பிறகு, 1,916 கோடி ரூபாய் செலவில் 2024 ஆகஸ்ட் மாதம் திறக்கப்பட்ட இத்திட்டம், காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் வரும் உபரி நீரில் ஆண்டுக்கு ஒன்றரை டிஎம்சியை ஆறு நீரேற்று நிலையங்கள் மூலம் ஏற்றி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளம், குட்டைகளை நிரப்புவதற்கானது. வறண்ட குளங்களில் நீரைக் கண்ட மக்களின் மகிழ்ச்சி நியாயமானது.

ஆனால் ஒன்றரை டிஎம்சி என்பது ஏறத்தாழ நாலேகால் கோடி கன மீட்டர். அதில் ஒரு சொட்டும் ஆவியாகாமல் நிலத்துக்குள் இறங்குவதாகவே கொண்டாலும், மேற்கண்ட கணக்கின்படி ஏறத்தாழ 7,500 ஏக்கர் வாழைக்குத்தான் அது போதும். மூன்று மாவட்டங்களின் குளங்களுக்கு வந்த நீரை நம்பி, குளத்தைச் சுற்றிலும் புதிய ஆழ்துளைக் கிணறுகள் அமைக்கப்பட்டு, நீர் அதிகம் தேவைப்படும் பயிர்கள் கூடினால், சில ஆண்டுகளில் நாம் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவோம். அறுபது ஆண்டுகள் காத்திருந்து பெற்ற பலன் அதன் பிறகு கைநழுவிப் போகும்.

சொட்டுநீர்ப் பாசனத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியமும் மற்றவர்களுக்கு 75 சதவீத மானியமும் அளித்துத் தமிழ்நாடு அரசு இதை ஊக்குவிக்கிறது. ஒரு ஏக்கருக்கான நீர்த் தேவை குறைகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால், மிச்சமான நீரில் இன்னும் இரண்டு ஏக்கர் தென்னை வைத்தால், ஊரின் கணக்கில் மிச்சம் எதுவும் இருக்காது. சிக்கனமான கருவி நீரைச் சேமிப்பதில்லை. சேமிப்பது என்ற முடிவுதான் நீரைச் சேமிக்கிறது.

அந்த முடிவை எந்த விவசாயியும் தனியாக எடுக்க முடியாது என்பதே சிக்கலின் மையம். 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் வழியில், தன் நிலத்துக்கு அடியில் உள்ள நீரை எடுத்துக்கொள்ளும் உரிமை நில உரிமையாளருக்கு இருப்பதாகவே கருதப்பட்டு வருகிறது. ஆனால், பாறை வெடிப்புக்குச் சர்வே எல்லை தெரியாது. நான் இறைக்காமல் விட்ட நீரைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் இறைத்துவிடுவார் என்றால், நான் ஏன் விட்டுவைக்க வேண்டும்? இப்படி ஒவ்வொருவரும் எண்ணும்போது, யார் அதிக ஆழத்துக்குத் துளையிட முடிகிறதோ அவருக்கே நீர் என்றாகிவிடுகிறது. ஒரு துளைக்கு லட்சக்கணக்கில் செலவாகும். துளையிட்டும் நீர் வராமல் போனால், அந்தக் கடனோடு நிலத்தை விற்றுவிட்டு வேலை தேடிச் செல்பவர் பெரும்பாலும் இரண்டு, மூன்று ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயியாகத்தான் இருக்கிறார். ஊராட்சியின் குடிநீர்க் கிணறும் இந்தப் போட்டியில் தோற்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களில் ஆழத்து நீரோடு ஃபுளூரைடும் சேர்ந்து வந்து குழந்தைகளின் பற்களையும் எலும்புகளையும் பாதிக்கிறது.

சட்டத்தால் மட்டும் இதைச் சரிசெய்ய முடியும் என்றும் தோன்றவில்லை. தமிழ்நாடு நிலத்தடி நீர் மேம்பாடு, மேலாண்மைச் சட்டம் 2003-இல் நிறைவேற்றப்பட்டது. முழுமையாக நடைமுறைக்கு வராமலேயே 2013-இல் அது திரும்பப் பெறப்பட்டது. மாநிலத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் இருக்கின்றன. ஒவ்வொரு கிணற்றுக்கும் ஓர் ஆய்வாளரை நிறுத்த எந்த அரசாலும் இயலாது. இலவச மின்சாரத்தை நிறுத்துவது மட்டுமே தீர்வு என்று வாதிடுவோரும் உண்டு. விளைபொருளுக்கு நிலையான விலை இல்லாத நிலையில், அந்தச் சுமையைச் சிறு விவசாயியின் தலையில் ஏற்றுவது நியாயமாகாது.

வேறு வழிகள் முயன்று பார்க்கப்பட்டிருக்கின்றன. மகாராஷ்டிரத்தின் அகில்யாநகர் (முன்பு அகமதுநகர்) மாவட்டத்தில், நம் கொங்குப் பகுதியைவிடவும் குறைந்த மழை பெறும் ஹிவாரே பஜார் கிராமம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1989-இல் ஊர்த் தலைவராகப் பொறுப்பேற்ற போபட்ராவ் பவாரின் வழிகாட்டலில் அங்கே வரப்புகளும் குட்டைகளும் அமைக்கப்பட்டதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். அதைவிட முக்கியமானது, பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு அமைப்பதில்லை, கரும்பும் வாழையும் பயிரிடுவதில்லை என்று ஊர் கூடி எடுத்த முடிவு. ஆண்டுதோறும் மழையளவைக் கணக்கிட்டு, குடிநீருக்கும் கால்நடைக்கும் முதலில் ஒதுக்கி, மீதியைக் கொண்டு என்ன பயிரிடலாம் என்று கிராம சபையில் தீர்மானிக்கிறார்கள். மழை குறைந்த ஆண்டில் பயிர்ப் பரப்பும் குறைகிறது.

ஒரு தலைவரின் ஆளுமையால் மட்டுமே இது சாத்தியமாயிற்று என்று ஒதுக்கிவிட முடியாது. 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில், ஒன்றுபட்ட ஆந்திரத்தின் வறட்சிக்கு உள்ளாகும் ஏழு மாவட்டங்களில், ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பின் ஆதரவோடு 600-க்கும் மேற்பட்ட கிராமங்களில் விவசாயிகளே மழையளவையும் கிணற்று நீர்மட்டத்தையும் அளந்து பதிவு செய்தார்கள். ராபி பருவத்துக்கு முன்பாக ஊரின் நீர் வரவையும், விவசாயிகள் திட்டமிட்டுள்ள பயிர்களின் தேவையையும் ஒப்பிட்டுப் பொதுக் கூட்டத்தில் அறிவித்தார்கள். யார் மீதும் கட்டாயம் இல்லை. பற்றாக்குறை கண்ணெதிரே தெரிந்தபோது பலர் தாமாகவே நெல்லைக் குறைத்தார்கள். நிலத்தடி நீர் எடுப்பு பல இடங்களில் குறைந்ததை 2010-இல் வெளியான உலக வங்கி அறிக்கை பதிவு செய்திருக்கிறது. திட்ட நிதி முடிந்த பிறகு இந்தப் பழக்கம் பல ஊர்களில் தொடரவில்லை என்பது நாம் கற்க வேண்டிய இன்னொரு பாடம். கணக்கெடுப்பை ஒரு திட்டத்தின் பொறுப்பில் விடாமல், நிரந்தரமான ஓர் அமைப்பின் கடமையாக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் அந்த அமைப்பு தயாராகவே இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் பதினோராவது அட்டவணை நீர் மேலாண்மையை ஊராட்சிகளுக்கு உரிய துறைகளில் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் இங்கே நடத்தப்படுகின்றன. அவற்றில் ஜனவரி 26 கூட்டம் வடகிழக்குப் பருவமழை முடிந்தவுடன் வருகிறது. அவ்வாண்டு எவ்வளவு மழை பெய்தது, கிணறுகளின் நீர்மட்டம் எத்தனை அடி உயர்ந்தது, குடிநீருக்கு ஒதுக்கியது போகக் கோடைக்கு எவ்வளவு எஞ்சுகிறது என்பதை அந்தக் கூட்டத்தில் வாசிக்கலாம். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினக் கூட்டத்தில், அந்தக் கணக்குப்படி நடந்தோமா என்று சரிபார்க்கலாம். தேவைப்படுவது ஒரு மழைமானி, சில கிணறுகளை மாதந்தோறும் அளக்க ஒரு நாடா, அதைக் குறித்து வைக்கும் ஓர் இளைஞர். அரசின் நிலத்தடி நீர்த் தரவு மையத்திடம் கண்காணிப்புக் கிணறுகளின் அளவீடுகள் பல்லாண்டுகளாக இருக்கின்றன. அவை இணையதளத்தோடு நின்றுவிடாமல், நியாயவிலைக் கடைச் சுவரிலும் பால் கூட்டுறவுச் சங்க வாசலிலும் அடிக்கணக்கில் எழுதி வைக்கப்பட வேண்டும்.

கணக்கைக் காட்டிவிட்டு, பயிரை மாற்றிக்கொள் என்று விவசாயியிடம் மட்டும் சொல்வது போதாது. வாழைக்கும் தென்னைக்கும் அவர் போவதற்கு வருமானமும் ஆள் பற்றாக்குறையுமே காரணங்கள். கேழ்வரகுக்கும் சோளத்துக்கும் பயறுக்கும் உறுதியான கொள்முதல் இருந்தால்தான் கணக்கு அவருக்குப் பயன்படும். தருமபுரி, நீலகிரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் 2023-இல் தொடங்கிய கேழ்வரகு விநியோகத்தை, நீர் பற்றாக்குறை உள்ள குறுவட்டங்களின் கொள்முதலோடு இணைத்து விரிவாக்கலாம். மின்சாரத்திலும் தண்டனைக்குப் பதிலாக ஊக்கம் அளிக்க முடியும். பஞ்சாப் அரசு 2018-இல் சோதனை முறையில் தொடங்கிய திட்டத்தில், நிர்ணயித்த அளவைவிடக் குறைவாக மின்சாரம் பயன்படுத்தும் விவசாயிக்கு, மிச்சமான ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் வழங்கப்பட்டது. இலவச மின்சாரத்தைப் பறிக்காமலேயே, இறைக்காமல் விட்ட நீருக்கு மதிப்புத் தரும் வழி இது.

கடினப் பாறை நிலத்தில் ஒரு சாதகமும் உண்டு. 20 மில்லிமீட்டர் நீரை மிச்சப்படுத்தினால் கிணறு ஒரு மீட்டர் உயரும். நம்மை ஏமாற்றிய அதே இயல்பு, கூட்டாகச் சேமித்தால் அதன் பலனை ஓரிரு ஆண்டுகளிலேயே கண்ணில் காட்டிவிடும். வண்டல் நிலத்தில் இப்படி விரைவாகப் பலன் காண முடியாது. பால் கறந்த கணக்கும் கூட்டுறவுக் கடன் கணக்கும் நம் ஊர்களில் தவறாமல் எழுதப்படுகின்றன. அவ்விரண்டுக்கும் ஆதாரமான கிணற்றின் கணக்கை எழுதுவதற்கு, வரும் ஜனவரி 26 கிராம சபையில் ஒரு தீர்மானம் போதும்.